புள்ளி போனா 'பல்'லும் 'பல' ஆயிடும்: வயர் இல்லாத திரைக்கு வீடியோ எப்படிச் சுருங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறோம்.)

திருவொற்றியூர்ல இருந்து பேசுறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் வரிசை இன்னைக்கும் நீளமாத்தான் நிக்குது. அந்த வரிசையைப் பத்தியும் இந்த எபிசோடுல கொஞ்சம் பேசப் போறோம், சும்மா இல்ல, காரணத்தோட.

இன்னைக்கு விஷயம் இதுதான். கையில இருக்கிற போனோட திரையை வயர் எதுவும் இல்லாம டிவியில காட்டுறோம். ஸ்க்ரீன் மிரரிங், ஸ்மார்ட் வியூ, வயர்லெஸ் டிஸ்ப்ளே, கம்பெனிக்கு ஒரு பேர். டிவி டப்பாவுல "தரம் குறையாமல்"னு போட்டிருக்கும். உண்மையில தரம் குறையுது, நிறையவே குறையுது. குறையுறது நம்ம கண்ணுக்குத் தெரியாத மாதிரி குறைக்கிறதுதான் இந்தத் துறையோட மொத்த வித்தையும். ஆனா "தெரியாது"ன்னு யாரோட கண்ணை வச்சு, எந்த மாதிரி படத்தை வச்சு முடிவு பண்றாங்க? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

300 கோடி பிட்

முதல்ல ஒரு கணக்கு. ஃபுல் ஹெச்டி படம்னா அகலத்துல 1920 பிக்சல், உயரத்துல 1080. பெருக்கினா சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தலா 8 பிட், ஆக 24 பிட். ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 5 கோடி பிட். நொடிக்கு 60 ஃப்ரேம் வச்சா 300 கோடி பிட். அதாவது 3 ஜிகாபிட், ஒவ்வொரு நொடிக்கும். 4கே டிவின்னா இதுக்கும் நாலு மடங்கு, கிட்டத்தட்ட 12 ஜிகாபிட்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் இதை அசால்ட்டா தூக்கிட்டுப் போயிடும். வைஃபை தூக்காது. அதுலயும் நம்ம ஏரியா மாதிரி சுவரோட சுவர் ஒட்டின வீடுகள் இருக்கிற தெருவுல, வீட்டுக்கு ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோடொண்ணு மோதாத சேனல்னா 1, 6, 11, இந்த மூணுதான். மொத்தத் தெருவும் இந்த மூணு லேன்லதான் ஓடணும். இதுல உங்க டிவிக்கு நிதானமா 10 மெகாபிட் கிடைச்சாலே பெரிய விஷயம்.

3 ஜிகாபிட்டை 10 மெகாபிட்டுல அடைக்கணும்னா 300ல ஒரு பங்கா சுருக்கணும். 300 பக்கப் புத்தகத்தை ஒரே பக்கத்துல எழுதித் தர்ற வேலை. அப்படி எழுதினாலும், படிக்கிறவருக்கு எதுவும் விட்டுப் போன மாதிரி தோணக் கூடாது. இது எப்படி சாத்தியம்?

நாலே பக்கம், மூணு பேர்

இதுக்கான அடிப்படைக் கணக்கு 1974 ஜனவரியில வந்த ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரையில இருக்கு. ஐட்ரிபிள்இ-யோட கம்ப்யூட்டர் இதழ்ல, நாலே பக்கம். தலைப்பு 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்', சுருக்கமா டிசிடி. எழுதினவங்க மூணு பேர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ்.

நசீர் அகமது பெங்களூருல பிறந்தவர், அப்போ அமெரிக்காவுல கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர். நடராஜன் அவரோட பிஹெச்டி மாணவர். கே. ஆர். ராவ் டெக்சாஸ் ஆர்லிங்டன்ல பேராசிரியர். அவர் 1952-ல பட்டம் வாங்கினது எங்க தெரியுமா? நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல. விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா அதே நீலத் தடத்துல நேரா கிண்டி. இன்னைக்கு உலகம் முழுக்க ஓடுற ஜேபெக் போட்டோ, டிவிடி, யூடியூப் வீடியோ எல்லாத்துக்கும் அடியில இந்தக் கணக்கோ இதோட வாரிசுகளோதான் இருக்கு.

இன்னொரு விஷயம். 1972-ல நசீர் அகமது இந்த யோசனைக்கு அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளையில நிதி கேட்டார். கிடைக்கல. யோசனை ரொம்ப எளிமையா இருக்குங்கிற மாதிரி ஒரு மதிப்பீட்டாளர் சொன்னதா அவரே பின்னாடி எழுதியிருக்கார். விடாம, அடுத்த வருஷம் கோடையில சம்பளத்தை எதிர்பார்க்காம உட்கார்ந்து வேலை பார்த்தாங்க. கட்டுரை வந்துச்சு.

டிசிடி என்ன செய்யுது? காசிமேடு துறைமுகத்துல ஒரு வீடியோ எடுக்குறீங்கன்னு வச்சுக்கோங்க. மேல வானம், கீழ வலைக் குவியல். படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டுங்க. ஒரு கட்டத்துல 64 பிக்சல். அந்த 64 எண்களை வேற 64 எண்களா மாத்துது டிசிடி. முதல் எண், அந்தக் கட்டத்தோட சராசரி வெளிச்சம். அடுத்தடுத்த எண்கள், வெளிச்சம் எவ்வளவு மெதுவா, எவ்வளவு வேகமா மாறுதுன்னு சொல்லும். கடைசி எண்கள் ரொம்ப நுணுக்கமான மாற்றங்களுக்கு.

இதுவரைக்கும் எதுவும் தொலையல. அந்த 64-ஐ வச்சு பழைய 64-ஐத் திரும்ப எடுத்துடலாம். ஆனா வானம் இருக்கிற கட்டத்துல முதல் ரெண்டு மூணு எண்தான் பெருசா இருக்கும், மத்ததெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கம். 64 எண்ணுக்குப் பதிலா மூணு எண் அனுப்பினா போதும்.

இழப்பு அடுத்த படியில வருது. குவான்டைசேஷன்னு சொல்லுவாங்க. எண்களை முழுசாக்குறது, அவ்வளவுதான். படி அளவு 10-ன்னா, 37-ங்கிற எண் 40 ஆகும், 3-ங்கிற எண் பூஜ்யம் ஆகும். மளிகைக் கடையில சில்லறை இல்லைன்னு ரவுண்ட் பண்ற மாதிரி. படி அளவைக் கூட்டக் கூட்ட நிறைய எண்கள் பூஜ்யம் ஆகும், ஃபைல் சின்னதாகும், நுணுக்கம் போகும்.

வலைக் குவியல்ல நுணுக்கம் போனா உங்களுக்குத் தெரியாது. ஏன்னா அங்க ஏற்கெனவே ஆயிரம் நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடுது, அந்தக் கூட்டத்துல பிழை ஒளிஞ்சுக்கும். இதை மறைப்பு, மாஸ்கிங்னு சொல்லுவாங்க. பிழை நல்லாத் தெரியுற இடம் எது? வழவழன்னு வெள்ளையா இருக்கிற பரப்புல தனியா நிக்கிற ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அதைச் சுத்தி கொசு மொய்க்கிற மாதிரி சாம்பல் புள்ளிகள் வரும். இந்தத் துறையில அதுக்குப் பேரே கொசு இரைச்சல்தான், மஸ்கிட்டோ நாய்ஸ். வெள்ளைப் பரப்புல கறுப்புக் கோடு... இது எங்க வரும்? எழுத்துல. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

நிறத்துல பாதிக்குப் பாதி

இன்னொரு பெரிய சேமிப்பு நிறத்துல. நம்ம கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அந்த அளவுக்குப் பார்க்காது. டிவிக்காரங்க இதை எப்பவோ பிடிச்சுக்கிட்டாங்க. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி சமயத்துல இந்தியாவுக்கு வந்த கலர் டிவி ஒளிபரப்புலயே நிறத்துக்கு ஒதுக்கின இடம் வெளிச்சத்துக்கு ஒதுக்கினதைவிடக் குறைவுதான்.

இப்போ நாம பயன்படுத்துற முறைக்கு 4:2:0-ன்னு பேர். நாலு பிக்சலுக்கு நாலு வெளிச்ச எண், ஆனா நாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி நிற எண். 12 எண்ணுக்குப் பதிலா 6. கம்ப்ரஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாதி காலி. சினிமா பார்க்கும்போது ஒருத்தருக்கும் தெரியாது. நீலப் பின்னணியில சிவப்பு எழுத்துப் போட்டுப் பாருங்க, அப்போ தெரியும். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் கம்மி. எழுத்தோட வடிவம் முழுக்க நிறத்துலதான் இருக்கு. அந்த நிறத்தைத்தான் நாலுக்கு ஒண்ணாக் குறைச்சாச்சு. விளிம்பெல்லாம் கரைஞ்சு ஓடும்.

'தெரியல'ன்னு எப்படி நிரூபிக்கிறது?

'விஷுவலி லாஸ்லெஸ்', அதாவது கண்ணுக்கு இழப்பு தெரியாததுன்னு கம்பெனிகள் சொல்லுதே, அதுக்கு அளவுகோல் இருக்கா? இருக்கு. ஐஎஸ்ஓ 29170-2-ன்னு ஒரு தரநிலை. சோதனை எளிமையானது, ஆனா கறாரானது. பக்கத்துல பக்கத்துல ரெண்டு படம். ஒண்ணு அசல் மட்டும். இன்னொண்ணுல அசலும் சுருக்கினதும் மாறி மாறி வேகமா வரும். வித்தியாசம் இருந்தா மினுக்கும். எது மினுக்குதுன்னு பார்க்கிறவர் சொல்லணும். தெரியலன்னாலும் ஒண்ணைக் கை காட்டியே ஆகணும். வித்தியாசமே தெரியாதவர் குருட்டாம்போக்குல 50 சதவீதம் சரியாச் சொல்வார். பொதுவா 75 சதவீதத்தை எல்லையா வச்சுக்குவாங்க, அதுக்கு மேல போனா வித்தியாசம் தெரியுதுன்னு அர்த்தம்.

2014-ல வீசா அமைப்பு (பாஸ்போர்ட் விசா இல்ல, டிஸ்ப்ளே தரநிலைகளை உருவாக்குற கூட்டமைப்பு) கொண்டுவந்த டிஎஸ்சி முறையை இந்த மாதிரி சோதனையில வச்சுத்தான் பார்த்தாங்க. அது கேபிளுக்கான கம்ப்ரஷன். 24 பிட்டை 8 பிட்டாக்கும். மூணுல ஒரு பங்கு. வரி வரியா வேலை செய்யுறதால தாமதமும் கிட்டத்தட்ட இல்ல. அருமையான வேலை.

ஆனா கவனிங்க, மூணுல ஒரு பங்கு. வயர் இல்லாத திரைக்கு நமக்கு வேண்டியது 300ல ஒரு பங்கு. 2012-ல வந்த மிராகாஸ்ட் இதுக்கு ஹெச்.264 கோடெக்கைப் பயன்படுத்துது. டிசிடி குடும்பத்துக் கணக்கு, அதுக்கு மேல முந்தின ஃப்ரேமைப் பார்த்து மாறினதை மட்டும் அனுப்புறது. சினிமா, கிரிக்கெட், கல்யாண வீடியோ எல்லாத்துக்கும் பிரமாதமா ஓடும். ஏன்னா அது கேமரா எடுத்த படத்துக்காகவே செதுக்கினது.

டியூஷன் டிவி

எங்க தெருவுல ஒரு அக்கா சாயங்காலம் டியூஷன் எடுக்கறாங்க. மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பசங்க. துறைமுகத்துலயும் பக்கத்துக் கம்பெனிகள்லயும் வேலை பார்க்கிறவங்க பிள்ளைங்க. சுவத்துல 32 இன்ச் டிவி. அக்கா போன்ல பாடப் புத்தகத்தோட பிடிஎஃப்பைத் திறந்து டிவியில காட்டுவாங்க, பசங்க பார்த்து எழுதுவாங்க. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நாலஞ்சு நோட்டைக் காட்டினாங்க. "முன்னாடி உட்கார்றவங்க சரியா எழுதறாங்க. பின்னாடி இருக்கிற சின்னப் பசங்க பாதிப் புள்ளியை விடறாங்க. கவனமே இல்லன்னு திட்டிட்டு இருந்தேன். அப்புறம்தான் நானும் பின்னாடி போய் உட்கார்ந்து பார்த்தேன்"னு சொன்னாங்க.

நானும் போய் பின்னாடி உட்கார்ந்தேன். எனக்குப் படிக்க முடிஞ்சுது. ஆனா நான் படிக்கல, ஊகிச்சேன். 'படடம்'னு தெரிஞ்சா என் மூளை தானா 'பட்டம்'னு எடுத்துக்கும். மூணாவது படிக்கிற பையனுக்கு அந்த வசதி இல்ல. அவன் இப்போதான் எழுத்தையே பழகுறான். தெரியுறதை எழுதறான். பல் 'பல' ஆயிடுது, கல் 'கல' ஆயிடுது. மூணு சுழி 'ண'வும் ரெண்டு சுழி 'ன'வும் ஒரே மாதிரி கறுப்பா திரண்டு நிக்குது. பணியா பனியா? அவனுக்கு எப்படித் தெரியும்?

என்ன நடக்குதுன்னு படிப்படியாப் பார்க்கலாம். அக்காவோட போன் திரை 1080-க்கு 2400 பிக்சல். போனை நிமிர்த்திப் பிடிச்சிருக்காங்க. டிவிக்குப் போற படமோ படுத்த படம், உயரம் 1080தான். அப்போ 2400-ஐ 1080-க்குள்ள அடக்கணும். பாதிக்கும் கீழ சுருங்கியாச்சு. அகலம் வெறும் 486 பிக்சல். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. அதோட நிக்கல. 32 இன்ச் 'ஹெச்டி ரெடி' டிவிகள் நிறையவற்றோட பேனல் 1366-க்கு 768தான். 1080 திரும்பவும் 768 ஆகுது. போன்ல 4 பிக்சல் அகலத்துல ஜம்முனு இருந்த புள்ளி, டிவியில ஒண்ணேகால் பிக்சல். ஒண்ணேகால் பிக்சலைக் கறுப்பாக் காட்ட முடியாது, சாம்பலாத்தான் காட்ட முடியும்.

இப்போ நடுவுல கம்ப்ரஷன். சுருங்கி வெளிறின அந்தப் புள்ளியை டிசிடி மாதிரி கணக்குக்குள்ள போட்டா என்ன ஆகும்? வானம் மாதிரி ரெண்டு மூணு எண்ல அடங்காது. ஒரு ஒத்தைப் புள்ளியோட சக்தி எல்லா எண்கள்லயும் பரவி நிக்கும், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம். படி அளவு பெருசா இருந்தா அந்தக் கொஞ்சம் ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பூஜ்யம் ஆயிடும். யாரும் புள்ளியை அழிக்கணும்னு நினைக்கல. ஒவ்வொரு எண்ணும் "நான் முக்கியம் இல்ல"ன்னு ஒதுங்கிக்குது, மொத்தமா புள்ளியே காணாமப் போகுது.

இங்கிலீஷ்ல இந்தப் பிரச்சினை இல்லையான்னு கேட்கலாம். 'ஐ' மேல இருக்கிற புள்ளி போனாலும் அது 'ஐ'தான். தமிழ்ல புள்ளி அலங்காரம் இல்ல, அது இருந்தா மெய், இல்லன்னா உயிர்மெய். ஓலைச்சுவடிகள்ல பெரும்பாலும் புள்ளி வைக்காமத்தான் எழுதினாங்க. அதைப் பதிப்பிச்சவங்க இடத்தைப் பார்த்து, பொருளைப் பார்த்து, இது மெய்யா உயிர்மெய்யான்னு ஒவ்வொரு இடத்துலயும் முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு. அது அறிஞர்கள் பண்ற வேலை. அந்த வேலையை நாம இப்போ மூணாவது படிக்கிற பசங்ககிட்ட கொடுத்திருக்கோம்.

அதனாலதான் 'கண்ணுக்குத் தெரியாத இழப்பு'ங்கிற வார்த்தையைக் கேட்டா நான் ரெண்டு கேள்வி கேட்பேன். எந்தப் படம்? யார் கண்ணு? பழகின கண்ணுக்கு இழப்பே இல்லாத அதே படம், பழகுற கண்ணுக்கு வேற எழுத்து.

டிரெய்லரும் ஷேர் ஆட்டோவும்

சொன்ன மாதிரி, இப்போ டிரெய்லர். வீடியோவுல ரெண்டு முக்கியமான ஃப்ரேம் வகை. ஐ-ஃப்ரேம் முழுப் படம், தானே நிக்கும். பி-ஃப்ரேம் முந்தின படத்துல இருந்து மாறினது மட்டும். ஐ-ஃப்ரேம் 40 அடி டிரெய்லர், பி-ஃப்ரேம் ஷேர் ஆட்டோ. ரோட்டுல ஷேர் ஆட்டோவா ஓடிட்டிருக்கும்போது நடுவுல ஒரு டிரெய்லர் திரும்பினா என்ன ஆகும்? எங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பின்னாடி எல்லாம் நிக்கும்.

சினிமான்னா பரவாயில்ல, டிவி ரெண்டு மூணு நொடி முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு ஓட்டும். மிரரிங்ல அது முடியாது. போன்ல விரல் வச்சா டிவியில உடனே நகரணும். நொடிக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 17 மில்லிசெகண்டுதான். அதனால என்கோடர் என்ன பண்ணும்? டிரெய்லரைச் சின்னதாக்கும். அதாவது படி அளவைக் கூட்டி முழுப் படத்தையும் மங்கலா அனுப்பும், அப்புறம் மெதுவா சரி பண்ணும். அக்கா பக்கத்தைத் தள்ளின உடனே எழுத்து கலங்கித் தெரிஞ்சு, அப்புறம் தெளியுதே, அதுக்கு இதுதான் காரணம். சில டிவைஸ்ல முழுசாத் தெளியாமலே நின்னுடும்.

இதுக்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. டிரெய்லர்ல இருக்கிற சரக்கை இறக்கி ஷேர் ஆட்டோக்கள்ல பிரிச்சு அனுப்புறது. இன்ட்ரா ரெஃப்ரெஷ்னு பேர். ஒவ்வொரு ஃப்ரேம்லயும் படத்தோட ஒரு பட்டையை மட்டும் புதுசா அனுப்பி, கொஞ்ச நேரத்துல முழுப் படத்தையும் புதுப்பிச்சிடுவாங்க. வரிசை எங்கயும் நிக்காது.

எழுத்துக்குன்னு செஞ்ச கருவிகள்

எழுத்துக்கு மருந்தே இல்லையான்னா, இருக்கு. 2016-ல ஹெச்இவிசி கோடெக்ல திரைப் படங்களுக்குன்னே ஒரு நீட்டிப்பு சேர்த்தாங்க. 2018-ல வந்த ஏவி1-லயும் அதே மாதிரி கருவிகள் இருக்கு. ரெண்டு கருவி முக்கியம்.

ஒண்ணு, பேலட். ஒரு கட்டத்துல ரெண்டு மூணு நிறம்தான் இருக்குன்னா டிசிடியே வேண்டாம். "0-ன்னா வெள்ளை, 1-ன்னா கறுப்பு"ன்னு சொல்லிட்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் எண்ணை எழுதிடு. புள்ளி புள்ளியாவே போய்ச் சேரும். ரெண்டாவது, ஒரே ஃப்ரேமுக்குள்ள காப்பி அடிக்கிறது. தமிழ்ப் பக்கத்துல 'க்' எத்தனை தடவை வரும்? மேல ஒரு தடவை அனுப்பியாச்சுன்னா, அடுத்த தடவை "அங்க இருந்து எடுத்துக்கோ"ன்னு சொன்னா போதும். எழுத்தும் கூர்மையா இருக்கும், பிட்டும் மிச்சம்.

அதைவிட எளிமையான உண்மை ஒண்ணு இருக்கு. பாடப் புத்தகத்தோட ஒரு பக்கம் அசையுதா? அசையாத பக்கத்தை நொடிக்கு 60 தடவை சினிமா மாதிரி அனுப்ப வேண்டிய அவசியமே இல்ல. ஒரே ஒரு தடவை, ஒரு பிட் கூட இழக்காம அனுப்பிட்டு, மாறின இடத்தை மட்டும் அப்புறம் அனுப்பலாம். விஎன்சி மாதிரி ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள்கள் 90-கள்ல இருந்தே மாறின செவ்வகங்களை மட்டும்தான் அனுப்புது. மிரரிங் கருவிகள் எல்லாத்தையும் சினிமாவாப் பார்க்கிறது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைச் செஞ்சவங்க மனசுல இருந்தது சினிமா பார்க்கிற வீட்டு ஹால். தமிழ் எழுத்துப் பழகுற டியூஷன் ஹால் இல்ல. இந்தத் துறையில வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல இருக்கீங்க. உங்க டெஸ்ட் வீடியோ பட்டியல்ல சின்ன எழுத்துல ஒரு தமிழ்ப் பக்கத்தையும் சேருங்க. கேட்கிறது அவ்வளவுதான்.

இன்னைக்கே செய்யக் கூடியது

கோடெக் மாறுற வரைக்கும் பசங்க காத்திருக்க முடியாது. டியூஷன்ல நாங்க செஞ்சதைச் சொல்றேன்.

முதல் வேலை, போனைப் படுக்க வச்சோம். இது ஒண்ணுதான் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துச்சு. இப்போ பக்கத்தோட அகலம் டிவியோட முழு அகலத்துக்கும் விரியும். ஒரே சமயத்துல குறைவான வரிகள்தான் தெரியும், ஆனா எழுத்து பல மடங்கு பெருசு. முழுப் பக்கம் தெரிய வேண்டாம், ஒரு பத்தி தெரிஞ்சா போதும்.

ரெண்டாவது, அக்கா சொந்தமா எழுதுற குறிப்புகள்ல வெள்ளையில கறுப்பு மட்டும். முக்கியமான வார்த்தைன்னா தடிமன் எழுத்து. சிவப்பு-நீலக் கூட்டணிக்குத் தடா.

மூணாவது, மிரரிங்கும் காஸ்டிங்கும் வேற வேற. யூடியூப்ல காஸ்ட் பட்டனை அழுத்தினா, டிவியே நேரா இன்டர்நெட்ல இருந்து வீடியோவை எடுத்துக்கும். போன் வெறும் ரிமோட். மிரரிங்ல போன், வந்த வீடியோவை விரிச்சு, திரும்பவும் சுருக்கி அனுப்பும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதை. வீடியோ பாடத்துக்கு காஸ்ட் பண்ணுங்க, மிரர் பண்ணாதீங்க.

நாலாவது, வைஃபை. ரவுட்டரும் போனும் டிவியும் 5 கிகாஹெர்ட்ஸ்ல பேசுமான்னு பாருங்க. மிராகாஸ்ட் போனையும் டிவியையும் நேரடியா இணைக்கும். அதே நேரம் போன் ரவுட்டர்கிட்ட வேற சேனல்ல பேசிட்டிருந்தா, ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடணும். பாடம் நடக்கும்போது ரவுட்டர் இணைப்பைத் துண்டிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியலாம்.

அஞ்சாவது, எல்லாத்துக்கும் மேல, எழுத்துக்கு வயர்லெஸ்ஸே வேண்டாம். பக்கங்களைப் படமா மாத்தி பென்டிரைவ்ல போட்டு டிவியோட யூஎஸ்பியில சொருகினா, வழியில எந்த வீடியோ கம்ப்ரஷனும் இல்ல. பழைய லேப்டாப் இருந்தா ஹெச்டிஎம்ஐ கேபிள். அக்கா இப்போ தமிழ்ப் பாடத்துக்கு பென்டிரைவ், வீடியோவுக்கு காஸ்ட்னு பிரிச்சுக்கிட்டாங்க. சின்னப் பசங்களை முன் வரிசைக்கும் மாத்திட்டாங்க. அதுக்கு எந்த கோடெக்கும் தேவைப்படல.

உங்க வீட்டுலயோ, நீங்க பாடம் எடுக்கிற இடத்துலயோ ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. 'பல், பல, கல், கல, மண், மண, பணி, பனி'ன்னு ஒரு பக்கம் நிறைய கலந்து அடிச்சு டிவியில காட்டுங்க. கடைசி வரிசையில ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வச்சு எழுதச் சொல்லுங்க. நீங்க படிச்சுப் பார்க்காதீங்க, உங்க கண்ணு ஊகிச்சிடும். எத்தனை புள்ளி தப்பிச்சு வந்துச்சு, என்ன டிவி, நிமிர்ந்த போனா படுத்த போனான்னு எழுதி அனுப்புங்க. வர்ற பதில்களை வச்சு ஒரு குட்டி எபிசோட் போடலாம்.

அடுத்த வாரம் ஆடியோ பக்கம் போறோம்: ப்ளூடூத் ஹெட்செட்ல மைக்கை ஆன் பண்ணின உடனே பாட்டு ஏன் பழைய லேண்ட்லைன் போன்ல கேட்கிற மாதிரி ஆகுது?